ஊர்தியும் பிணையும்

முன்னுரை

தமிழ் இலக்கியம் காட்டும் சாலை விபத்துகளுள் மிகவும் புகழ் பெற்றது, சோழ இளவரசன் ஓட்டிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்ட நிகழ்ச்சியாகும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் இதனைச் சுட்டுகிறாள். பெரிய புராணத்தில் சேக்கிழார் திருவாரூரின் சிறப்பைக் கூறுமிடத்து இதனை விரித்துரைக்கிறார். இலங்கையின் மகாவம்சம் இதே செய்தியை எல்லாளன் மேல் ஏற்றிக் கூறுகிறது. நீதியின் பெருமைக்குச் சான்றாகவே நாம் இக்கதையை வகுப்பறைகளில் கற்பித்து வருகிறோம். ஆனால் இதனுள் வேறு சில வினாக்களும் அடங்கியுள்ளன. இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணியவன் அல்லன். கன்று துள்ளி வந்து தேரின் கீழ் விழுந்தது. குற்ற நோக்கம் இல்லாவிடினும் இழப்பு இழப்பே அன்றோ? அதற்குப் பொறுப்பாளர் யார்? தேரை ஓட்டியவனா, தேருக்கு உரியவனா? இழந்து நிற்கும் உயிருக்கு ஈடு எங்கிருந்து வரும்?

மன்னன் தன் மகனையே விலையாகக் கொடுத்தான். நம் காலத்துச் சட்டம் அத்தகைய விலையைக் கேட்பதில்லை. உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஒரு தாளை மட்டுமே கேட்கிறது. அத்தாள்தான் ஊர்திக் காப்பீட்டுச் சான்று.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் என விரியும் கரிசல் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை கோவில்பட்டியைத் தொட்டுத் திருநெல்வேலிக்குச் செல்கிறது. முன்னர் 7ஆம் எண்ணால் அறியப்பட்ட இச்சாலை இன்று 44ஆம் எண்ணைத் தாங்கி, நான்கு வழியாக அகன்று கிடக்கிறது. தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் விரையும் இச்சாலையில், இருமருங்கிலுமுள்ள சிற்றூர்களிலிருந்து பழைய டி.வி.எஸ். மொபட்டுகளும், மூன்று நான்கு கை மாறிய பைக்குகளும், களையெடுக்கச் செல்லும் பெண்களை ஏற்றிய லோடு ஆட்டோக்களும் வந்து ஏறுகின்றன. இவற்றுள் பல வண்டிகளின் ஆவணங்கள் காலாவதியானவை. “காட்டுக்கும் வீட்டுக்குந்தானே ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு இன்சூரன்ஸ்?” என்னும் கேள்வியும் நமக்குப் புதியதன்று. அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணங்களும் அவற்றின் ஆயுளும்

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், ஊர்தியின் பதிவைப் புதுப்பித்தமைக்கு அடையாளமாக எண் பலகையின் மூலையில் ஒரு சிறு வில்லையை ஒட்டுவர். அது காலாவதியானால் எதிரே வருபவர்க்கும் தெரியும். நம் நாட்டில் அத்தகைய அடையாளம் இல்லை. எண் பலகை புத்தம் புதிதாக மின்னும்போதே அதன் பின்னுள்ள ஆவணம் உயிரற்றுக் கிடக்கலாம்.

முதலாவது பதிவுச் சான்று. மக்கள் இதனை ஆர்.சி. புத்தகம் என்பர். சொந்தப் பயன்பாட்டிற்குரிய வண்டிக்கு இது பதினைந்து ஆண்டுகள் செல்லும். பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளரிடம், ஊரார் மொழியில் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம், வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டில் பதிவான பைக்கின் ஆர்.சி. 2025ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்காமல் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அது பதிவற்ற வண்டியாகும்.

இரண்டாவது தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. இது வாடகை வண்டிகளுக்கும் சுமை வண்டிகளுக்கும் உரியது. வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் பெறப்பட வேண்டும். ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று, பெர்மிட் என வேறு ஆவணங்களும் உள்ளன.

மூன்றாவது காப்பீட்டுச் சான்று. மற்ற ஆவணங்கள் பெரும்பாலும் வண்டிக்கும் அரசுக்கும் இடையிலானவை. காப்பீட்டுச் சான்று ஒன்றே வண்டியின் முன்னால் நடந்து செல்லும் முகமறியா மனிதருக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையிலானது. அது காலாவதியானால் இழப்பு அந்த மனிதருக்கே.

மூன்றாமவர் யார்?

காப்பீட்டு ஒப்பந்தத்தில் வண்டியின் உரிமையாளர் ஒரு தரப்பினர். காப்பீட்டு நிறுவனம் மறு தரப்பினர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவராயினும் அந்த வண்டியால் இறக்கவோ காயமுறவோ நேர்பவர் மூன்றாமவர். எட்டயபுரம் சாலையோரம் ஆடு மேய்த்துச் செல்லும் முதியவர், தீப்பெட்டி ஆலை வேலை முடிந்து நடந்து வரும் பெண், பள்ளி செல்லும் சிறுவன் என எவரும் மூன்றாமவரே. நாம் சாலையில் நடக்கும்போது நாமும் மற்றவர்தம் வண்டிகளுக்கு மூன்றாமவர் ஆகிறோம்.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இம்மூன்றாமவருக்கான காப்பீட்டை மட்டுமே. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கும் களவுக்கும் எடுக்கும் காப்பீடு அவரவர் விருப்பம். இவ்வேறுபாட்டை அறியாமையால்தான், “வண்டியே பத்தாயிரம் ரூபாய் பெறாது, அதற்கு எதற்குக் காப்பீடு?” என்று பலர் கேட்கின்றனர். வண்டி பத்தாயிரம் பெறாமல் இருக்கலாம். அது மோதும் உயிரின் மதிப்பு வண்டியின் விலையைப் பொறுத்ததன்று.

சட்டம் வந்த வழி

பிரிட்டன் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் வாயிலாக மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கென ஓர் அத்தியாயத்தை வகுத்தது. அவ்வத்தியாயம் 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, காப்பீடின்றிப் பொது இடத்தில் ஊர்தியைப் பயன்படுத்தலாகாது என்று கூறுகிறது. சிற்றூரின் தெருவும் பொது இடமே. “காட்டுக்கும் வீட்டுக்கும்” என்னும் சமாதானம் சட்டத்தின் முன் நில்லாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம், காப்பீடின்றி வண்டி ஓட்டுதலுக்கு முதன்முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் தண்டமாக விதிக்கிறது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இத்துணைக் காலம் சட்டம் இருந்தும் நிலைமை என்ன? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளில் சிதைந்து வரும் உடல்களைக் கண்டு உச்ச நீதிமன்றத்தில் 2012ஆம் ஆண்டில் ஒரு பொதுநல வழக்கைத் தொடுத்தார். அவ்வழக்கில், நாட்டில் ஓடும் ஏறத்தாழ 18 கோடி ஊர்திகளுள் 6 கோடிக்கு மட்டுமே மூன்றாம் நபர் காப்பீடு உள்ளது என்னும் செய்தி நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், புதிய கார்களுக்கு மூன்றாண்டு, புதிய இருசக்கர ஊர்திகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை விற்பனையின்போதே எடுத்துவிட வேண்டும் என ஆணையிட்டது. அவ்வாணை அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னரும், நாட்டின் ஊர்திகளுள் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடற்றவை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டியது.

இவ்வாணையால் நன்மை விளைந்தது. அதனோடு ஒரு மறதியும் விளைந்தது. புதிய பைக்கை வாங்குபவர் காப்பீட்டுத் தொகையை வண்டி விலையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார். தாம் காப்பீடு எடுத்ததையே பலர் அறிவதில்லை. ஐந்தாண்டு முடியும் நாளில் அவருக்கு அது நினைவுக்கு வருவதுமில்லை. அன்றியும், அத்தாளில் வண்டிச் சேதத்துக்கான காப்பு ஓராண்டும் மூன்றாம் நபருக்கான காப்பு ஐந்தாண்டும் எனத் தனித்தனி நாள்கள் இருத்தல் கூடும். மாணவர்களிடம் வண்டியின் எண்ணைக் கேட்டால் உடனே சொல்வர். காப்பீடு முடியும் நாளைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர்.

எழுநூறும் இருபத்தைந்து இலட்சமும்

2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, 75 முதல் 150 சி.சி. வரை திறனுள்ள இருசக்கர ஊர்திக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை 714 ரூபாய், வரி தனி. 75 சி.சி.க்கு உட்பட்ட சிறு வண்டிக்கு 538 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் எழுபது ரூபாய் அளவே.

இதற்கு எதிரே நிற்பது எத்துணைத் தொகை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். முப்பது வயதுடைய கொத்தனார் ஒருவர். மாத வருவாய் 12,000 ரூபாய். மனைவியும் இரு குழந்தைகளும் தாயும் அவரை நம்பி வாழ்பவர்கள். அவர் ஒரு விபத்தில் இறந்துபட்டார் எனக் கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கிலும் 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி வழக்கிலும் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை வகுத்துள்ளது. அதன்படி, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளர்க்கு வருங்கால வருவாய் உயர்வாக நூற்றுக்கு நாற்பது சேர்க்கப்படும். அப்பொழுது மாத வருவாய் 16,800 ரூபாய், ஆண்டு வருவாய் 2,01,600 ரூபாய் ஆகிறது. நம்பி வாழ்பவர் நால்வராதலின், அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடியதாக நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். எஞ்சுவது 1,51,200 ரூபாய். முப்பது வயதுக்குரிய பெருக்கெண் 17. பெருக்கினால் வருவது 25,70,400 ரூபாய். ஈமச் செலவு முதலானவை இதனின் வேறு.

காப்பீடு உயிரோடு இருந்தால் இத்தொகையை நிறுவனம் கொடுக்கும். அது காலாவதியாகியிருந்தால் உரிமையாளரே கொடுத்தல் வேண்டும். விபத்து நடந்த மாலையில் ஓடிச் சென்று பாலிசி எடுப்பதாலும் பயனில்லை. காப்பு எந்த நாளில் எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பது சான்றிலேயே அச்சாகியிருக்கும்.

தீர்ப்பு உண்டு, பணம் இல்லை

விபத்தில் இறந்தவரின் குடும்பத்தார் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகுகின்றனர். காப்பீடற்ற வண்டியெனில் தீர்ப்பு உரிமையாளருக்கு எதிராக மட்டும் வழங்கப்படுகிறது. அவர் செலுத்தாவிடின், சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் வாயிலாக நிலவரிப் பாக்கியைப் போல அதனை வசூலிக்கலாம். ஆனால் வசூலிக்க ஏதேனும் இருந்தால்தானே வசூலிக்க இயலும்? நான்கு ஏக்கர் மானாவாரிப் புஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் உடைய குடியானவரிடமிருந்து இருபத்தைந்து இலட்சத்தை எவ்வாறு பெறுவது? புஞ்சை போகும், கடனோ தீராது. கணவனை இழந்த பெண் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு நிறைவேற்று மனுவுக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவாள். ஒரு விபத்தால் இரு குடும்பங்கள் அழிகின்றன.

காப்பீடற்ற வண்டி விபத்துக்குள்ளானால், உரிமையாளர் போதிய பிணையம் கொடுத்தாலன்றி அதனை விடுவிக்கலாகாது என்றும், மூன்று மாதங்களுக்குப் பின் அதனை ஏலத்தில் விற்றுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்தலாம் என்றும் விதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல விதியே. ஆயினும் பழைய மொபட் ஒன்றை ஏலமிட்டால் என்ன கிடைக்கும்?

இங்கே மற்றொரு விந்தையையும் நோக்க வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டால், 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கிடைக்கின்றன. மோதியவர் ஓடாமல் நின்று, வண்டியும் இன்னதெனத் தெரிந்து, அதற்குக் காப்பீடு மட்டும் இல்லையெனில் அந்த இழப்பீடு கிடையாது. பிரிட்டனில் 1946ஆம் ஆண்டில் காப்பீட்டு நிறுவனங்கள் கூடி ஒரு பொது அமைப்பை நிறுவின. காப்பீடற்ற வண்டியால் இழப்புற்றோருக்கும் அவ்வமைப்பு ஈடு வழங்குகிறது. நம் நாட்டில் அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

மருத்துவச் செலவைப் பொறுத்தவரை ஓரளவு ஆறுதல் உண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாள்கள் வரை ஒன்றரை இலட்ச ரூபாய்க்குட்பட்ட சிகிச்சைக்கு வழி செய்கிறது. இவை உயிரைக் காக்கும் திட்டங்கள். உயிர் போனபின் குடும்பத்தைக் காப்பது காப்பீடே.

பயிருக்குக் காப்பு, உயிருக்கு?

கரிசல் மக்கள் காப்பீட்டை அறியாதவர் அல்லர். புரட்டாசிப் பட்டத்தில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்த கையோடு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வரிசையில் நின்று பயிர்க் காப்பீட்டுத் தொகையைச் செலுத்துகின்றனர். கடைசி நாளை மறவாது நினைவில் வைத்துள்ளனர். இழப்பீடு வரத் தாமதமானால் அலுவலகத்தின் முன் திரண்டு கேட்கின்றனர். மழை பொய்க்கும் மண்ணில் பிறந்தவர்க்குக் காப்பின் அருமை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவ்வாறாயின் ஊர்திக் காப்பீட்டில் மட்டும் ஏன் இந்த அசட்டை? பயிர்க் காப்பீட்டின் பயன் செலுத்தியவர் கைக்கே திரும்பி வருகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டின் பயன் முன்பின் அறியாத ஒருவர் வீட்டுக்குச் செல்கிறது. ஆகவே முன்னது உரிமையாகவும் பின்னது போலீசாருக்கு அஞ்சிக் கட்டும் தண்டமாகவும் தோன்றுகின்றன. சோதனை நடக்கும் விலக்கைத் தவிர்த்து மாற்றுப் பாதையில் செல்லத் தெரிந்தவர்க்குக் காப்பீடு தேவையற்றதாகிவிடுகிறது. நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. தைக்குப் பின் மகசூல் வரும்போது கையில் பணமிருக்கும், ஆடி ஆவணியில் இருக்காது என்னும் இடர்ப்பாடும் உண்மையே. ஆனால் பயிர்க் காப்பீட்டுக்கு விதைப்புக் காலத்தில் கடன் வாங்கியேனும் தொகை திரட்டும் மனம், இதற்கும் திரட்ட வல்லது.

பெயர் மாறாத வண்டிகளும் சுமை வண்டியில் ஏறும் மனிதரும்

பழைய வண்டியை விற்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் தம் பொறுப்பு முடிந்தது எனக் கருதுகிறார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் மற்றொருவருக்கு விற்கிறார். நான்காவது கையில் விபத்து நேர்கிறது. யார் பொறுப்பு? 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பல கை மாறியிருப்பினும் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று ஆண்டுகள் பல கழிந்த பின்னும், கோவில்பட்டிக்குரிய டி.என். 96 வரிசையில் தம் பெயர் நிற்குமாயின், அழைப்பாணை அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

இனி, காப்பீடு இருந்தும் பயன்படாத நிலை ஒன்றுண்டு. மிளகாய்ப் பழம் பறிக்கவும் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் பெண்கள் லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏற்றிச் செல்லப்படுகின்றனர். பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கோயில் கொடைக்கும் அவ்வாறே உறவினர் செல்கின்றனர். சரக்கு ஏற்றும் வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவர்தம் பிரதிநிதியோ அன்றிப் பிறர் பயணியாக ஏறினால், அவர்க்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படுவோர்க்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. அந்த வண்டிக்கு எல்லா ஆவணங்களும் செம்மையாக இருந்தாலும், அதில் நின்றுகொண்டு செல்லும் இருபது பெண்கள் காப்பற்றவர்களே. கூலிக்கு ஆள் அழைத்துச் செல்வோரும் நிலவுடைமையாளரும் இதனை உணர்தல் வேண்டும்.

பைக்கின் பின்னிருக்கையில் அமர்வோருக்கும் ஒரு செய்தி. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள இருசக்கர ஊர்தியில் பின்னே அமர்ந்து செல்பவர்க்கு அப்பாலிசி பொருந்தாது என 2006ஆம் ஆண்டில் திலக் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. முழுமைக் காப்பீடே அவர்க்கும் காப்பாகும். நண்பனை ஏற்றிச் செல்லும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்க.

அரசுப் பேருந்தும் ஜப்தியும்

காப்பீடற்ற வண்டி என்றதும் ஏழையின் பழைய மொபட்டையே நினைத்தல் முறையன்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இழப்பீட்டுக்கெனத் தனி நிதி ஒன்றைப் பேணினால் அவை காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இழப்பீட்டுத் தொகை உரிய காலத்தில் செலுத்தப்படாமையால், நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே வந்து அரசுப் பேருந்தை ஜப்தி செய்து ஓட்டிச் செல்லும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வெளிவருவதை அறிவோம். பயணிகள் இறக்கிவிடப்பட்டு, பேருந்து நீதிமன்ற வளாகத்தில் நிற்கும். உரிமையாளர் அரசாகவே இருப்பினும், பிணை நிற்கும் நிறுவனம் ஒன்று இல்லாத இடத்தில் இழப்புற்ற குடும்பம் காத்துக் கிடக்க நேர்கிறது. அரசுக்கே இந்நிலை என்றால், தனியொருவரின் வாக்குறுதியை நம்பி ஒரு குடும்பம் எத்துணைக் காலம் காத்திருக்கக் கூடும்?

பெரியோர் கவனத்திற்கு

விபத்து நடந்தவுடன் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் “பேசி முடித்தல்” நம் பகுதியில் வழக்கம். மோதியவரும் இழந்தவரும் பக்கத்து ஊரினர், சில வேளை உறவினர். காவல் நிலையம் சென்றால் பகை வளருமே என்னும் நல்லெண்ணத்தில் முப்பதினாயிரமோ ஐம்பதினாயிரமோ கொடுக்கச் செய்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். முதல் தகவல் அறிக்கை இன்றி இழப்பீட்டு வழக்கு நிற்பது கடினம். வண்டிக்குக் காப்பீடு இருந்தும், பேசி முடித்த காரணத்தால் இருபது இலட்சத்தை இழந்த குடும்பம் அதனை அறியாமலே இருந்துவிடவும் கூடும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்திற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுதலின் காலம் தாழ்த்தலும் ஆகாது. ஆகவே பெரியோர் முதலில் வினவ வேண்டியது, “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?” என்பதே. காப்பீடில்லா வண்டிக்குப் பதிலாகக் காப்பீடுள்ள வேறொரு வண்டியைக் கணக்கில் காட்டும் சூழ்ச்சிக்கும் எவரும் துணை போதல் கூடாது. அது மோசடி.

நம் சமுதாயத்துப் பெரியோரிடம் மற்றொன்றும் கூற விழைகிறேன். தவறுதலாக ஓர் உயிர் போக நேர்ந்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் விதிக்கும் கடமை. அத்தொகை தனியொருவரால் தாங்க இயலாதது என்பதனால், ‘ஆகிலா’ எனப்படும் தந்தைவழி உறவினர் கூடிப் பகிர்ந்து செலுத்தும் முறையைச் சட்ட வல்லுநர்கள் வகுத்தனர். இன்றைய வணிகக் காப்பீடு பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இழந்தவர்க்கு ஈடு செய்தல் கடமை என்பதில் வேறுபாடு இல்லை. நாட்டின் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டை அக்கருத்து வேறுபாட்டைக் காட்டி விட்டுவிடுவோர், ஈட்டைக் கொடுக்க வேறு வழி நம்மிடம் உண்டா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் தகும்.

செய்ய வேண்டுவன

மாணவர்கள் இன்றே தத்தம் வீட்டு வண்டிகளின் ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு ஆகியவை முடியும் நாள்களை எழுதிச் சுவரில் ஒட்டுக. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் இவ்விவரங்களைக் காணலாம். அச்செயலியிலும் டிஜிலாக்கரிலும் உள்ள ஆவணங்கள் சோதனையின்போது ஏற்கப்படும். ஆகவே, தாளை வீட்டில் வைத்துவிட்டேன் என்னும் சாக்கும் இனி இல்லை. நண்பரின் வண்டியை இரவல் வாங்குமுன் அதன் காப்பீட்டை நோக்குக. விற்ற வண்டிக்கும் வாங்கிய வண்டிக்கும் உடனே பெயர் மாற்றுக. உரிமம் பெறாத சிறுவரிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோர்க்கு 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதை இல்லத்தில் எடுத்துரைக்க. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுதலோடு, சிற்றூர் மக்களுக்கு ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் பணியையும் மேற்கொள்ளலாம். பயிர்க் காப்பீட்டுக்குக் குறித்த நாளில் ஊரெங்கும் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், அதே நாளில் ஊர்திக் காப்பீட்டையும் நினைவூட்டினால் பெரும்பயன் விளையும்.

முடிவுரை

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. நாட்டிலேயே மிகுதியான எண்ணிக்கை இதுவே. அவற்றில் 17,884 பேர் உயிர் இழந்தனர். அவ்வீடுகளுள் எத்தனையில் அடுப்பு எரிவது, மோதிய வண்டியின் உரிமையாளர் ஏதோ ஒரு நாளில் சில நூறு ரூபாய் செலுத்தியதைப் பொறுத்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கரிசல் மண்ணின் எட்டயபுரத்தில் துயில் கொள்ளும் உமறுப்புலவர், தம் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என ஒரு பகுதியை அமைத்துள்ளார். வேடனின் வலையில் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர வேண்டி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நின்ற செய்தியை அது கூறுகிறது. மான் அவர்களுக்கு உறவும் அன்று, உடைமையும் அன்று. இருப்பினும், திரும்பி வராவிடின் அதன் கடன் தம்மைச் சேரும் என்று பொறுப்பேற்றார்கள். பிணை என்பதன் பொருள் அதுவே. மூன்றாம் நபர் காப்பீட்டுச் சான்று, வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் சாலையில் எதிர்ப்படும் அறியா மனிதருக்கு எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரம். அது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுதல் கற்றவர் கடன். வீட்டிலுள்ள வண்டியின் சான்றில் அந்த நாளை இன்று மாலையே எடுத்துப் பார்ப்போமாக.